யாருடைய குக்கி இது?

"குக்கியா, அதை பிரவுசர் பார்த்துக்கொள்ளும்." இந்தப் பேச்சை மட்டக்களப்பில் என்னோடு வெப் வேலை செய்பவர்களிடமும் கேட்டிருக்கிறேன், ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளிடமும் கேட்டிருக்கிறேன். குக்கி என்பது, வந்த ஆள் யார் என்று அடுத்த தடவை அடையாளம் காண ஒரு தளம் கொடுத்துவிடும் சின்னத் தகவல் துண்டு. பிரவுசர் இருக்கும் வரைக்கும் அது சரியான பேச்சுத்தான். ஆனால் இப்போது நாங்கள் எழுதும் கோடில் பெரும்பகுதி பிரவுசரே இல்லாத இடத்தில் ஓடுகிறது. பயனர் நம்முடைய சேர்வரைத் தட்டுகிறார், நம்முடைய சேர்வர் அவருக்காக இன்னொரு சேர்வரைத் தட்டுகிறது. அந்த இரண்டாவது தட்டலில் குக்கியை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டால் பலரும் கொஞ்சம் யோசித்துவிட்டு "அதுக்கு ஒரு லைப்ரரி இருக்கும்" என்கிறார்கள், அதாவது வேறு யாரோ எழுதிவைத்த, எடுத்துப் பாவிக்கக்கூடிய கோட். லைப்ரரி இருக்கிறதுதான். இந்தப் பதில் எனக்கு ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பிரவுசர் எவ்வளவு வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது என்பது அது இல்லாத இடத்தில்தான் தெரியவரும். ஒரு தளம் செட்-குக்கி என்று ஒரு வரி அனுப்பினால், அது எந்த டொமைனுக்கு, அதாவது எந்தத் தள முகவரிக்கு உரியது, எந்தப் பாதைக்குரியது, எப்போது காலாவதியாகும், எச்டிடிபிஎஸ் வழியாக மட்டும்தான் போகவேண்டுமா என்பதையெல்லாம் பிரவுசர் குறித்துவைக்கிறது. அடுத்த முறை அந்தத் தளத்துக்குப் போகும்போது, பெயரையும் அதன் மதிப்பையும் மட்டும் எடுத்துக் கொடுக்கிறது. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது, அதை யாரும் வேலை என்று கணக்கில் எடுப்பதே இல்லை. என் பிரவுசரில் இருக்கும் குக்கி என்னுடையது, உங்கள் பிரவுசரில் இருப்பது உங்களுடையது. இதற்காக யாரும் ஒரு வரி கோட் எழுதவில்லை, இரண்டும் வேறு வேறு ஃபோனில் இருப்பதால் தானாகவே பிரிந்து நிற்கின்றன. 1994 இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுலி இந்தக் குக்கியைக் கொண்டுவந்தபோது, அதைச் சுமப்பது ஒரு ஆளின் முன்னால் இருக்கும் ஒரு மென்பொருள் என்பதுதான் எல்லோர் மனதிலும் இருந்தது. குக்கி எப்படி நடக்கவேண்டும் என்று வகுத்து 2011 ஏப்ரலில் வந்த ஆர்எஃப்சி 6265 என்ற ஆவணம் கூடப் பெரும்பாலும் அந்த நினைப்பிலேதான் பேசுகிறது. ஒரே மென்பொருள் ஒரே நேரத்தில் பல பேருக்காகப் போய்வரும் நிலைமையில், அந்தப் பிரிவினையை நாம்தான் கட்டவேண்டும். கட்டாவிட்டால் அது இல்லை, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சிக்கல், சேர்வரிலிருந்து இன்னொரு சேர்வரைத் தட்டப் பாவிக்கும் கருவிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடப்பது. சேர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓடவிடும் நோட்டில், 18 ஆம் பதிப்பிலிருந்து கூடவே வரும் ஃபெட்ச் எந்தக் குக்கியையும் ஞாபகம் வைப்பதில்லை. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸில் ஒற்றை அழைப்பு முடிந்ததும் மறந்துவிடும், செஷன் என்று ஒன்றை உருவாக்கினால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். கர்ல் நாம் கேட்டால்தான் வைத்துக்கொள்ளும். டொட்நெட்டின் எச்டிடிபி கிளையன்ட் கேட்காமலே வைத்துக்கொள்ளும். ஜாவாவில் குக்கி ஹேண்ட்லரை இயல்பானதாக அமைத்துவிட்டால் ஓடும் முழு ஜாவா நிரலுக்கும் அது ஒன்றுதான். ஒரு மொழியில் பழகிய கை இன்னொரு மொழியில் எழுதப் போகும்போது, பழைய இடத்தில் இருந்த பழக்கத்தையும் கூடவே கொண்டுபோகிறது.

கல்முனையில் நடந்தது

கல்முனைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவ நிலையம். பெயர் வேண்டாம். டொக்டருக்கு சேனல் பண்ணுவது, இரத்தம் கொடுப்பது, ரிப்போர்ட் எடுப்பது எல்லாம் அங்கேயே. மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, நிந்தவூர், இந்தப் பக்கம் களுவாஞ்சிக்குடி வரைக்கும் ஆட்கள் வருவார்கள். ரிப்போர்ட்டை ஃபோனிலேயே பார்க்க ஒரு தளம் இருந்தது. ஃபோன் நம்பரையும் ரிசீட்டில் இருக்கும் இலக்கத்தையும் அடித்தால் ரிப்போர்ட் வரும். வயதான ஆட்கள் வெயிலில் இரண்டாம் தடவை பஸ் ஏறி வரத் தேவையில்லை. உண்மையாகவே பிரயோசனமான வேலை அது, அதை எழுதியவர் மேல் எனக்கு மரியாதைதான். அவர் பிறகு வெளிநாடு போய்விட்டார், பராமரிப்பு எங்கள் கைக்கு வந்தது.

தளம் நோட்டில் ஓடியது. ஆனால் ரிப்போர்ட்டுகள் இருந்தது லேப் பக்கத்தில் இருந்த பழைய பிஎச்பி மென்பொருளில். அதற்கு ஏபிஐ, அதாவது இன்னொரு மென்பொருள் நேரடியாகக் கேட்டு வாங்கும் வழி, எதுவும் கிடையாது, ஒரு லொகின் படிவமும் அதற்குப் பின்னால் ஒரு ரிப்போர்ட் பக்கமும்தான். ஆகவே நம்முடைய நோட் சேர்வர், நோயாளி கொடுத்த இலக்கங்களை எடுத்துக்கொண்டு போய் லேப் சேர்வரின் லொகின் படிவத்தில் நிரப்பி, உள்ளே போய், ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்து நோயாளிக்குக் காட்டும். நம் நாட்டில் இப்படி ஓடும் தளங்கள் நிறைய இருக்கின்றன. பழைய மென்பொருளைத் தூக்கி எறிய யாரிடமும் காசு இல்லை, அதனால் அதற்கு முன்னால் புதிதாக ஒரு முகப்பைக் கட்டுகிறோம்.

ஒரு நாள் மத்தியானம் கவுண்டரில் இருக்கும் தங்கச்சி கோல் எடுத்தாள். "அண்ணா, ஒரு ராத்தா வந்து நிக்கிறா. அவட ஃபோன்ல வேற ஆள்ட ரிப்போட் வருதாம்." ஃபோனை வாங்கிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை, அப்புறம் சொன்னாள்: "அவ காட்டமாட்டாவாம் அண்ணா. அது அவங்கட ரோட்டில இருக்கிற ஒரு சேர்ட ரிப்போட்டாம். நான் பாத்ததே பிழை, உங்களுக்கும் காட்டேலா எண்டு சொல்றா."

அந்த ராத்தாவை (இங்கே முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள்) நான் கண்டதில்லை. ஆனால் அன்றிலிருந்து இந்த விஷயம் எனக்குள் அடங்கவே இல்லை. எங்கள் ஊர்களில் ஒருவருடைய சீனி எவ்வளவு, ஒரு பிள்ளைக்கு என்ன டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள் என்பது ஒரு கல்யாணப் பேச்சைக் குழப்பப் போதும். பெயரைப் பார்த்ததும் ஆளும் தெரியும், ஆளின் வாப்பாவும் தெரியும், எந்த ஒழுங்கையில் வீடு என்பதும் தெரியும். கொழும்பில் முன்பின் தெரியாத ஒருவரின் ரிப்போர்ட் தெரியாத இன்னொருவருக்குப் போவதும், இங்கே போவதும் ஒன்று அல்ல. இதை எந்தப் பாதுகாப்புக் கைந்நூலும் எழுதிவைக்காது, இங்கே இருந்து வேலை செய்யும் நாம்தான் மனதில் வைத்திருக்கவேண்டும்.

பிழையான இலக்கம், திறந்த கதவு

முதலில் எல்லோருக்கும் வந்த சந்தேகம் கேஷ் மேல்தான். ஒருவருக்குக் கட்டிய பக்கம் எங்கேயோ தேங்கி நின்று அடுத்தவருக்குப் போயிருக்கும் என்று நினைத்தோம். அப்படி நினைக்க நியாயமும் உண்டு. 2015 கிறிஸ்மஸ் நாளில் ஸ்டீம் விளையாட்டுத் தளத்தில் நடந்தது அதுதான், கேஷ் அமைப்பில் வந்த பிழையால் ஏறத்தாழ 34,000 பேரின் பக்கங்கள் மற்றவர்களுக்குப் போயின என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனமே சொன்னது. ஆனால் எங்கள் பக்கத்தில் கேஷ் ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தது. அடுத்ததாக, ஒரே நேரத்தில் கனபேர் வந்ததால் குழம்பியிருக்கும் என்றார்கள். அதுவும் பொருந்தவில்லை, ரிப்போர்ட் பார்க்க ஆட்கள் குவிவது பின்னேரத்தில், இது நடந்ததோ மத்தியானம்.

லேப் சேர்வரின் லொக்கை, அதாவது நடந்ததையெல்லாம் அது எழுதிவைக்கும் பதிவை, எடுத்து வரிவரியாகப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. ராத்தா ரிசீட் இலக்கத்தில் ஒன்றை ஏழாக வாசித்துப் பிழையாக அடித்திருக்கிறார். லேப் சேர்வர் வடிவாகத்தான் நடந்திருக்கிறது: லொகின் தோல்வி என்று எழுதியிருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்த வரியில், அதே செக்கனில், நம்முடைய சேர்வரிலிருந்து வந்த அடுத்த கோரிக்கைக்கு ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறது. தோல்வியடைந்த லொகினுக்குப் பின்னால் ஒரு ரிப்போர்ட். அந்த இரண்டு வரிகளையும் நான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நெரிசல் என்றால் தற்செயல் என்று மனதை ஆற்றலாம். இதில் தற்செயல் எதுவும் இல்லை, யார் பிழையான இலக்கத்தை அடித்தாலும் கடைசியாகச் சரியாக உள்ளே போனவரின் ரிப்போர்ட் வரும். நாங்களே அடித்துப் பார்த்தோம், ஒவ்வொரு தடவையும் வந்தது.

காரணம் ஒரு வரி. குக்கிகளை வைத்திருக்கும் ஜார், கோப்பின் உச்சியில் ஒரே ஒரு தடவை உருவாக்கப்பட்டிருந்தது. சேர்வர் ஓடத் தொடங்கும்போது பிறந்து, சேர்வர் நிற்கும் வரை இருக்கும் ஒரே ஜார். காலையில் முதல் நோயாளிக்காக லேப்புக்குப் போனபோது குக்கியாகக் கிடைத்த பிஎச்பி செஷன் இலக்கம், அதாவது வந்தவரை லேப் சேர்வர் அடையாளம் வைக்கும் இலக்கம், அதில் விழுந்தது. அடுத்த நோயாளிக்காகப் போகும்போதும் அதே இலக்கம்தான் போனது. லேப் சேர்வரைப் பொறுத்தவரை காலையிலிருந்து ஒரே ஆள்தான் வந்துபோய்க்கொண்டிருக்கிறார், அவர் அடிக்கடி பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறார். லொகின் சரிவந்தால் அந்த செஷனுக்குள் புதுப் பெயர் எழுதப்படும். சரிவராவிட்டால் பழைய பெயர் அப்படியே இருக்கும், ராத்தாவுக்கு வந்தது அந்தப் பழைய பெயர்தான். பின்னேர நெரிசலில் நடந்திருக்கக்கூடியது வேறு வகை: ஒருவருக்காக லொகின் ஆகி, ரிப்போர்ட்டை எடுக்கப் போகும் இடைவெளிக்குள் இன்னொருவருக்காக லொகின் ஆனால், முதலாமவருக்கு இரண்டாமவரின் ரிப்போர்ட் போகும். நோட்டில், பதில் வரும் வரை காத்திரு என்று சொல்லும் ஒவ்வொரு அவெய்ட்டும் அப்படி ஒரு இடைவெளிதான்.

பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகும் ஒருவரிடம் அக்கம்பக்கத்து ஆட்களும் தங்கள் கிளினிக் கொப்பியைக் கொடுத்துவிடுவது வழக்கம், எனக்கும் மருந்து எடுத்துக்கொண்டு வா என்று. போகிறவர் கொப்பிகளைத் தனித்தனியாக வைத்து, இது மாமியுடையது, இது முன் வீட்டு ஐயாவுடையது என்று பார்த்துப் பார்த்து நீட்டுவார். நம்முடைய சேர்வர் செய்தது, கையில் கடைசியாக இருந்த கொப்பியையே எல்லோருக்காகவும் நீட்டியது.

ஏன் அந்த வரி அங்கே வந்தது

எழுதியவரைக் கவலையீனமான ஆள் என்று நினைக்கவேண்டாம். அந்த ஜார் அங்கே வந்ததற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அந்த வரிக்கு மேலே அவர் எழுதிவைத்திருந்த குறிப்பிலேயே அது தெரிந்தது: இப்போது லொகின் வேலை செய்கிறது, கை வைக்காதீர்கள் என்று. அதைப் பார்த்ததும் அவர் எத்தனை இரவு இதோடு மல்லுக்கட்டியிருப்பார் என்று விளங்கியது.

லேப் சேர்வர் லொகின் சரியானதும் 302 என்று பதில் தரும், ரிப்போர்ட் பக்கத்துக்குப் போ என்று. செட்-குக்கி வரி அந்த 302 பதிலோடுதான் வருகிறது. ஃபெட்ச் என்ன செய்கிறது, இப்படி வேறு பக்கத்துக்கு அனுப்பும் ரீடிரெக்ட்டைத் தானாகவே பின்தொடர்ந்து போய்விடுகிறது, ஆனால் ஜார் இல்லாததால் வழியில் வந்த குக்கியை எடுத்துக்கொண்டு போவதில்லை. குக்கி இல்லாமல் வந்து நிற்பவரை லேப் சேர்வர் மறுபடி லொகின் பக்கத்துக்கே அனுப்பிவிடுகிறது. கோட் எழுதுபவரின் கண்ணுக்குத் தெரிவது கடைசியாக வந்த 200, அதாவது எல்லாம் சரி என்ற பதில், மட்டும்தான், அதற்குள் இருப்பதோ லொகின் பக்கம். கடவுச்சொல் சரி, இலக்கம் சரி, பிரவுசரில் அடித்தால் வேலை செய்கிறது, கோடில் மட்டும் இல்லை. நடுவில் வந்துபோன 302 கண்ணிலேயே படாததால், எங்கே தேடுவது என்றே தெரியாது. ஒரு குக்கி ஜார் லைப்ரரியைக் கொண்டுவந்து போட்டதும் எல்லாம் சரிவந்துவிடும். அந்தச் சந்தோஷத்தில் ஜாரை எங்கே வைத்தோம் என்று யார் பார்ப்பார்கள்? இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களும் ஜாரைக் கோப்பின் உச்சியில்தான் வைத்துக் காட்டுகின்றன, ஏனென்றால் அவை ஒரு ஆள் தன் கணினியில் ஓடவிடும் சின்ன ஸ்கிரிப்டுகள். ஸ்கிரிப்டில் அது சரிதான், ஓடி முடிந்ததும் ஜாரும் போய்விடும். அதே கோடை வெட்டி ஒட்டி, நாள் முழுக்க ஓடும் சேர்வருக்குள் வைத்தால் கதை வேறு.

சோதித்துப் பார்த்தபோது ஏன் பிடிபடவில்லை என்றால், சோதித்தவர் ஒருவர். தன்னுடைய இலக்கத்தை அடித்தார், தன்னுடைய ரிப்போர்ட் வந்தது. பிழையான இலக்கத்தை அடித்துப் பார்க்கும் சோதனை கூட முதலில் செய்திருந்தால் சரியாகத்தான் வந்திருக்கும், ஏனென்றால் அப்போது ஜார் வெறுமையாக இருந்திருக்கும். முதலில் ஒருவர் சரியாகப் போய், அப்புறம் இன்னொருவர் பிழையாகப் போகவேண்டும். இந்த ஒழுங்கில்தான் அது வெளியே வரும்.

சின்ன ஊர், சின்னக் குழு, அதனால் நடந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 2021 மார்ச் 8 ஆம் திகதி, கோடைச் சேமித்துப் பகிரும் பெரிய தளமான கிட்ஹப் தன்னுடைய எல்லாப் பயனர்களையும் ஒரேயடியாக வெளியேற்றி மறுபடி லொகின் ஆகச் சொன்னது. ஒருவருடைய செஷன் இன்னொருவரின் பிரவுசருக்குப் போய்விடும் பிழை ஒன்று மிக அரிதாக, 0.001 சதவீதத்துக்கும் குறைவான செஷன்களில், நடந்திருந்தது. உள்ளே பார்த்தால் வேர் ஒன்றுதான்: கோரிக்கைக்குக் கோரிக்கை புதிதாகப் பிறக்கவேண்டிய ஒரு பொருளை, அங்கே யூனிகோர்ன் என்ற சேர்வர் துடைத்துவிட்டு மறுபடி பாவித்துக்கொண்டிருந்தது, பின்னணியில் தனியாக ஓடிய ஒரு வேலை (திரெட்) அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. டொட்நெட்டிலும் இதே பொறி உண்டு. எச்டிடிபி கிளையன்ட் ஃபாக்டரி என்று மைக்ரோசொஃப்ட் தரும் வசதியில் உள்ளே இருந்து கோரிக்கைகளை அனுப்பும் ஹேண்ட்லர்கள் பகிரப்படுகின்றன, அவற்றோடு குக்கிகளும் பகிரப்படுகின்றன. குக்கி தேவைப்படும் இடத்தில் இதைப் பாவிக்காதீர்கள், அல்லது தானியங்கிக் குக்கியை நிறுத்துங்கள் என்று அவர்களின் ஆவணமே எச்சரிக்கிறது. ஆவணத்தின் அந்தப் பகுதிவரை வாசிப்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

திருத்தும்போது பார்த்தவை

தளத்தின் அந்தப் பகுதியை உடனே நிறுத்தினோம். ரிப்போர்ட் வேண்டியவர்கள் கவுண்டருக்கு வாருங்கள் என்று போட்டோம், கொஞ்சப் பேர் கோபப்பட்டார்கள், நியாயமான கோபம்தான்.

முக்கியமான திருத்தம் சின்னது. ஜாரைக் கோப்பின் உச்சியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு நோயாளியின் கோரிக்கையையும் கையாளும் ஃபங்ஷனுக்குள் கொண்டுபோனோம். அதற்குள் பிறக்கிறது, அதற்குள்ளேயே முடிகிறது. பிறகு யோசித்து அந்த லைப்ரரியையே எடுத்துவிட்டோம், எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு குக்கி. ரீடிரெக்ட்டைப் பின்தொடராதே என்று ஃபெட்ச்சுக்குச் சொல்லி, 302 பதிலை நாங்களே பிடித்து, அதிலுள்ள குக்கியை எடுத்து, அடுத்த கோரிக்கையில் நாங்களே வைத்து அனுப்புகிறோம். கோட் நாலு வரி கூடிவிட்டது. ஆனால் யாருடைய குக்கி எங்கே போகிறது என்று இப்போது கண்ணால் பார்க்கலாம், புதிதாக வரும் ஒரு பிள்ளைக்கும் வாசித்தால் விளங்கும்.

கையால் செய்யப் போனால் கவனிக்கவேண்டிய சங்கதிகள் சில உண்டு. செட்-குக்கியாக வந்த வரியை அப்படியே தூக்கி, கோரிக்கையின் தலைப்பு வரிகளில் ஒன்றான குக்கி ஹெடரில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதை, காலாவதி எல்லாம் சேர்ந்து போகும், சில சேர்வர்கள் பொறுத்துக்கொள்ளும், சில பொறுக்காது. போகவேண்டியது முதல் அரைப்புள்ளிக்கு முன்னால் இருக்கும் பெயரும் மதிப்பும் மட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட செட்-குக்கி வரிகள் வந்தால் அவற்றைக் காற்புள்ளியால் ஒட்டி ஒரே வரியாகத் தரும் கருவிகளும் உண்டு. அதைக் காற்புள்ளியில் வெட்டிப் பிரித்தால் காலாவதித் திகதியின் நடுவில் வெட்டு விழும், அந்தத் திகதியில் கிழமைக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி இருக்கிறதே. ஆர்எஃப்சி 6265 இந்த வரிகளை ஒன்றாக மடிக்கவேண்டாம் என்று சொல்வது இதனால்தான், ஃபெட்ச்சிலும் இவற்றைத் தனித்தனியாக எடுக்க கெட்-செட்-குக்கி என்று ஒரு வழி பிறகு சேர்க்கப்பட்டது.

இன்னொரு பழக்கம் இதைவிடப் பயமானது. பயனரின் பிரவுசரிலிருந்து வந்த குக்கி ஹெடரை முழுதாக எடுத்து, சேர்வர் செய்யும் எல்லா வெளி அழைப்புகளிலும் வைத்து அனுப்புவது. பக்கங்களை சேர்வரிலேயே கட்டும் ஃப்ரேம்வேர்க்குகள் வந்த பிறகு இது கூடிவிட்டது, ஏனென்றால் சேர்வரில் ஓடும் ஃபெட்ச்சுக்கு பிரவுசரின் குக்கி தெரியாது, லொகின் ஆனவருக்கும் ஆகாதவரின் பக்கம் வருகிறது, உடனே எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிட்டால் சரிவருகிறது. அப்படி அனுப்பினால், எஸ்எம்எஸ் அனுப்பும் சேவைக்கும், வரைபடம் தரும் சேவைக்கும் உங்கள் பயனரின் செஷன் இலக்கம் போய்ச் சேரும். பிரவுசர் டொமைன் பார்த்துத் தடுத்திருக்கும். சேர்வரில் அந்தக் காவல் இல்லை. எந்த இடத்துக்கு எந்தக் குக்கி என்று பெயர் சொல்லி அனுப்பவேண்டும். டொமைன் என்றதும் ஒன்று: நம்முடைய கொம்.எல்கே, கொவ்.எல்கே, எஸ்சிஎச்.எல்கே போன்றவை, பலரும் தங்கள் பெயரைப் பதியும் பொதுவான டொமைன் முடிவுகளைச் சேர்த்துவைத்த பொதுப் பின்னொட்டுப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் ஒரு கொம்.எல்கே கடை, எல்லா கொம்.எல்கே தளங்களுக்கும் போகும் குக்கியை வைக்கப் பார்த்தால் பிரவுசர் விடாது. சேர்வரில் பாவிக்கும் ஜார் அந்தப் பட்டியலைப் பார்க்கிறதா என்பது லைப்ரரிக்கு லைப்ரரி வேறுபடும், நோட்டில் பாவிக்கும் டஃப்-குக்கி என்ற லைப்ரரி பார்க்கிறது. நீங்கள் பாவிப்பது பார்க்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

கடைசியாக இன்னொரு பூட்டும் போட்டோம். ரிப்போர்ட் பக்கம் வந்ததும் அதில் அச்சாகியிருக்கும் ரிசீட் இலக்கத்தை எடுத்து, நோயாளி அடித்த இலக்கத்தோடு ஒப்பிட்டு, ஒத்துவந்தால் மட்டும் காட்டுகிறோம். குக்கி சரியாக நடந்தால் இது தேவையே இல்லை என்று எங்கள் குழுவில் ஒரு தம்பி வாதாடினான். அவன் சொல்வது சரி. ஆனாலும் நான் விடவில்லை. உடம்பு சம்பந்தப்பட்ட தகவலுக்கு இரண்டு பூட்டு இருந்தால் என்ன குறைந்துவிடும்?

சொல்வதா விடுவதா

கோடைத் திருத்தியதோடு வேலை முடிந்ததாக மருத்துவ நிலையத்து முதலாளி நினைத்தார். நல்ல மனிதர்தான், ஊரில் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் அவருக்கு. நானும் இன்னும் ஒருவரும் போய் இருந்து நிறையக் கதைத்தோம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் விசேட வகையாக வைக்கப்பட்டிருக்கிறது என்றும் எடுத்துச் சொன்னோம். சட்டத்தை விட அவரை அசைத்தது அந்த ராத்தாவின் கதைதான் என்று நினைக்கிறேன். "அவவே மூடி வச்சிருக்கா, நாங்க அந்த மனுசனுக்குச் சொல்லாம இருந்தா எப்படி?" என்று அவரே கேட்டார்.

ரிப்போர்ட்டுக்கு உரிய அந்த சேருக்கு அவரே கோல் எடுத்துச் சொன்னார். உங்களுடைய ரிப்போர்ட் இன்னொருவரின் ஃபோனில் தெரிந்திருக்கிறது, பிழை எங்கள் பக்கத்தில், திருத்திவிட்டோம் என்று. சேர் கோபப்படவில்லையாம். யார் பார்த்தது என்று மட்டும் கேட்டாராம். அதைச் சொல்லமுடியாது, அவரும் எங்களிடம் வருகிற ஒரு நோயாளி என்று முதலாளி சொல்லியிருக்கிறார். சரியான பதில். அந்த இடத்தில் பதறிப்போய்ப் பெயரைச் சொல்லியிருந்தால், ஒரு கசிவை மூடப்போய் இன்னொன்றைத் திறந்ததாக முடிந்திருக்கும்.

லொக் இருந்த நாட்களுக்கு, தோல்வியடைந்த லொகினுக்குப் பின்னால் ரிப்போர்ட் போன இடங்களையெல்லாம் தேடி எடுத்து, அந்த ரிப்போர்ட்டுக்கு உரியவர்களுக்கும் இதேபோலச் சொன்னார்கள். நெரிசலில் மாறிப்போனவற்றைப் பிடிப்பது கஷ்டம், அதில் எந்தப் பதில் எவருக்குப் போனது என்று லொக்கை வைத்துச் சொல்ல வழியில்லை. அதற்கும் முந்திய காலத்துக்கு லொக்கே இல்லை. அதனால் கவுண்டரில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு அறிவித்தல் ஒட்டச் சொன்னோம், ஒட்டினார்கள். சிலர் வாசித்துவிட்டு வந்து விவரம் கேட்டார்கள். தங்கச்சிக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருந்தோம், அவள் பொறுமையாகச் சொன்னாள்.

லேப் பக்கத்து பிஎச்பி மென்பொருளில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. லொகின் ஆகும்போது செஷன் இலக்கத்தைப் புதிதாக மாற்றுவதும், லொகின் தோற்றால் பழைய செஷனை அழிப்பதும். அது இருந்திருந்தால் ராத்தாவுக்கு லொகின் பக்கம்தான் வந்திருக்கும். அதை எழுதிக் கொடுத்தவர்களுக்கு இரண்டையும் விளக்கி எழுதி அனுப்பியிருக்கிறோம், பார்க்கிறோம் என்றார்கள். அவர்கள் செய்யும் வரைக்கும், ஒவ்வொரு நோயாளிக்கும் குக்கி இல்லாத வெறும் கையோடு லேப்புக்குப் போகிறோம், ரிப்போர்ட் வந்ததும் அங்கேயே லொகவுட் செய்துவிட்டுத் திரும்புகிறோம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட நேரம் எடுக்கிறது. எடுக்கட்டும்.